மலர்ந்து வருகிறது

சீருடை தைக்கிற வீட்டில் மழை பிடித்துக்கொண்டால் அது வீடாகவே இருக்காது. வெட்டிய துணி, வெட்டாத துணி, இஸ்திரி போட்ட துணி எல்லாம் கட்டில் மேல், நாற்காலி மேல், அரிசி டின் மேல்கூட ஏறி உட்கார்ந்திருக்கும். மனுஷருக்குத்தான் இடம் இருக்காது. அந்த வருஷம் கோடை மழை பத்து நாள் முன்னதாகவே வந்து தொலைத்தது. பள்ளிக்கூடம் மூட இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் பிள்ளைகளுக்கு அளவெடுத்து, துணி வெட்டிக் கட்டிவைத்து, லீவு முழுக்கத் தைத்து, திறக்கிற அன்று கையில் கொடுத்தாக வேண்டும். ஒரு நாள் தப்பினாலும் அம்மாமார்கள் வாசலில் வந்து நின்று திட்டித் தீர்ப்பார்கள்.

தைக்கிறவளைத் தெருவில் தையலம்மா என்பார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆனால் அவள் வெட்டினால் ஒரு விரல் துணி வீணாகாது. கூடமாட உதவிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி வருவாள். பொத்தான் துளைக்கு நூல் சுற்றுவதை காஜா என்பார்கள் இல்லையா, அதில் கெட்டிக்காரி என்பதால் அவளுக்குப் பெயரே காஜாக்கா.

தையலம்மாவின் வேலைக்கு ஒரு முறை உண்டு. ஒரு பிள்ளையின் துணியை வெட்டி முடித்ததும் உள்பக்கம் சாக்குக்கட்டியால் பெயரை எழுதுவாள். அளவுகளைத் தனிச் சீட்டில் எழுதி, அதன் தலையிலும் அதே பெயரைப் போடுவாள். பிறகு பெயருக்குப் பெயர் பார்த்து சீட்டைத் துணிக்கட்டோடு சேர்த்து ஊசி குத்துவார்கள். அந்த ஊசி குத்துகிற வேலை மகளுடையது. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், ஒரே பிள்ளை, வாயாடி என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஒரு தடவை காதில் விழுந்த கதையை மூச்சு விடாமல் திருப்பிச் சொல்வாள். வந்தவர் போனவர் எல்லாரும் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

அன்று சாயங்காலம் நூல் தீர்ந்துபோனது. தையலம்மா குடையை எடுத்துக்கொண்டு, "இந்த இருபத்தாறு கட்டுக்கும் நீயே சீட்டு குத்தி வை, நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது வேலை முடிந்திருந்தது. கட்டுகள் வரிசையாக, அழகாக, ஒவ்வொன்றிலும் சீட்டு குத்தி இருந்தன. மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு முதல் கட்டைப் பிரித்தாள். சீட்டில் ஒரு பெயர், துணியில் ஒரு பெயர். இரண்டாவதைப் பிரித்தாள். அதுவும் அப்படியே. இருபத்தாறையும் பிரித்துப் பார்த்ததில் இரண்டுதான் சரியாக இருந்தன. அந்த இரண்டும் எப்படிச் சரியாயின என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

"என்னடி இது, விளையாட்டா?"

மகள் ஊசி டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"விடு, குழந்தைதானே" என்றாள் காஜாக்கா. "மழையில விளையாடப் போற அவசரத்துல குத்தித் தள்ளியிருக்கும்."

"இல்லக்கா. இந்த ஊசியெல்லாம் பாருங்க, எவ்வளவு நேரா குத்தியிருக்கா. அவசரத்துல குத்தினது இல்ல இது." தையலம்மா ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். "இதுல என்ன எழுதியிருக்கு, சொல்லு."

மகள் சீட்டைப் பார்க்கவில்லை. அம்மாவின் வாயைப் பார்த்தாள்.

தையலம்மா நீட்டின சீட்டை மடக்கிக்கொண்டாள். இதுவரை ஒவ்வொரு கட்டுக்கும் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சீட்டை நீட்டியது தான்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இவள் குத்தினாள், அவ்வளவுதான்.

பையிலிருந்து பாடப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னாள். யானை ஆற்றைக் கடக்கிற பாடம். தினமும் இரவு சாப்பாட்டுக்கு முன்னால் அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிற பாடம்தான். மகள் விரலை வரிமேல் ஓட்டி ஒரு பிசிறில்லாமல் படித்தாள், சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்பினாள். தையலம்மா பக்கத்தை மாற்றி, யானைப் படத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்து, "இப்பப் படி" என்றாள்.

மகள் அந்தக் கையை விலக்கப் பார்த்தாள். அம்மா விடவில்லை.

"படத்த மறைச்சா எப்படிம்மா படிக்கிறது?" என்று கேட்டாள் பிள்ளை. கேட்டதில் கள்ளம் இல்லை. படிப்பது என்றால் அதுதான் என்று அவள் நிஜமாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

காஜாக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோ பாவமே, யார் வீட்டுப் பிள்ளை" என்று மட்டும் முனகினாள்.

யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் விஷயமே. தையலம்மாவின் புருஷன் சாதாரண வாத்தியார் இல்லை, வாத்தியார்களுக்கு வாத்தியார். எட்டு வருஷம் வகுப்பில் பாடம் நடத்திவிட்டுப் பயிற்சி கொடுக்கப் போனவர். கற்றல் விளைவு, முன்னறிவு, வளரறி மதிப்பீடு, குறைதீர் கற்பித்தல் என்று நூற்று நாற்பது சொற்களுக்கு விளக்கம் எழுதி மஞ்சள் அட்டை போட்ட கையேடு ஒன்றைக் கொண்டுவந்தார். அதிலிருந்து எல்லாரும் அவரைக் கலைச்சொல் சார் என்றார்கள். நேரில் மரியாதையாக, முதுகுக்குப் பின்னால் வேறு மாதிரி. வீட்டிலும் அதே பாஷைதான். குழம்பில் உப்பு கூடிப்போனால், "இது தப்பு இல்ல, பின்னூட்டத்துக்கு ஒரு வாய்ப்பு" என்பார். தையலம்மாவுக்குப் பாதி புரியாது. புரியாததாலேயே பெருமையாக இருக்கும்.

அவர் கண்டுபிடித்ததிலேயே பெரிய கண்டுபிடிப்பு மூன்று படிகள். மதிப்பெண் அட்டையில் 'தெரியவில்லை' என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று எழுதி வாங்கிவிட்டார். எந்தத் திறனுக்கும் மூன்றே மூன்று பதில்: மலர்ந்தது, மலர்ந்து வருகிறது, மலரத் தயாராகிறது. ஒன்றுமே தெரியாத பிள்ளையும் மலரத் தயாராகத்தான் இருக்கும். அவரைச் சும்மா குறை சொல்லவும் முடியாது. சின்ன வயதில் கணக்கு வரவில்லை என்று அவர் கழுத்தில் 'மக்கு' என்று எழுதிய அட்டையை மாட்டி வகுப்பு வகுப்பாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த அட்டையின் கயிறு இன்றைக்கும் அவர் கழுத்தில் உறுத்திக்கொண்டிருந்தது. எந்தப் பிள்ளைக்கும் அது வரக் கூடாது என்றுதான் ஆரம்பித்தார். ஆரம்பித்தது அப்படி.

அவர் ஏழு மணிக்கு வந்தார். நனைந்த செருப்பைக் கழற்றும்போதே முகம் மலர்ந்திருந்தது. வியாழக்கிழமை மேலிடத்திலிருந்து குழு வருகிறது, அட்டைகளைப் பார்க்கிறது, பிடித்துப்போனால் மூன்று படிகளும் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போகும், அதற்குத் தலைமை இவர்தான். இதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் தையலம்மா பொறுத்தாள். பிறகு சீட்டு விஷயத்தையும் யானை விஷயத்தையும் சொன்னாள்.

அவர் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார்.

"இது ஒரு கற்றல் இடைவெளி" என்றார். "வாசிப்புத் தயார்நிலை ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு வயசுல வரும்."

"ஏங்க, வீட்டுப் பேச்சுல சொல்லுங்க. அவளுக்குப் படிக்கத் தெரியுதா, தெரியலையா?"

"அப்படி ரெண்டா வெட்டிப் பார்க்கக் கூடாது. அவளுக்குச் செவிவழித் திறன் அபாரம்."

"நான் துணியத்தான் ரெண்டா வெட்டறவ. தெரியுதா, தெரியலையா?"

"அட்டையப் பாரு" என்று அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டார். "வாசித்தல், மலர்ந்து வருகிறது. முதல் வகுப்பு, ரெண்டாம் வகுப்பு, இந்த வருஷம் முதல் பருவம், எல்லாத்துலயும் அதேதான். அவ டீச்சர் இருபத்தஞ்சு வருஷ அனுபவம். தெரியாமயா எழுதுவாங்க?"

பிள்ளையை வைத்துக்கொண்டு பேச வேண்டாம் என்று அவர் கண்ணைக் காட்டினார். பிள்ளை துணிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து குத்தின ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் தையலம்மா தானே சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். மெஷினை நிறுத்திவிட்டு, சீட்டுகளின் பின்பக்கம் எழுத்து எழுத்தாக எழுதிக் காட்டினாள். பிள்ளை நான்கு எழுத்தைச் சொல்லும், வரிசையை மாற்றினால் முழிக்கும். ஒரு மணி நேரத்தில் அம்மாவுக்குப் பொறுமை போனது. முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தைக்கத் தெரியும். சொல்லிக் கொடுக்கத் தெரியலக்கா" என்றாள் காஜாக்காவிடம்.

"முன்னெல்லாம் பள்ளிக்கூடத்துலயே மத்தியானத்துல தனி வகுப்பு இருந்ததே. என் மகன் அதுலதான் தேறினான். ஒரு ஒல்லி டீச்சர். மூணே மாசத்துல படிக்க வச்சுட்டாங்க."

"இப்ப அது என்னாச்சு?"

"யாருக்குத் தெரியும். போய்க் கேளு."

போய்க் கேட்டாள். தனியாகப் போகவில்லை, புருஷனையும் இழுத்துக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு, முற்றத்துச் சேற்றில் பிள்ளைகளின் காலடி மட்டும் கிடந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சர், தலை நரைத்தவர், ஈரக் கரும்பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கலைச்சொல் சாரைப் பார்த்ததும் சட்டென்று சேலையைச் சரி செய்துகொண்டு நின்றார். மகள் தன் பெஞ்சில் போய்ப் பழக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.

"டீச்சர், எங்க பொண்ணுக்குப் படிக்க வருதா?" என்று தையலம்மாதான் கேட்டாள்.

டீச்சர் சாரைப் பார்த்தார். "அட்டையில எழுதியிருக்கேனேம்மா."

"அட்டைய நானும் பார்த்தேன். உங்கள கேக்கறேன்."

டீச்சர் துணியைப் பிழிந்து ஜன்னலில் போட்டார். பிறகு மேஜை அறையைத் திறந்து, பதிவேட்டுக்கு அடியிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் பதினாலு பெயர். மேலே ஒரே வரி: படிக்கத் தெரியாது. ஒன்பதாவது பெயர் இவர்கள் மகளுடையது.

"இது என்ன ஆவணம்?" என்றார் கலைச்சொல் சார்.

"ஆவணம் எல்லாம் இல்ல சார். எனக்கு மறந்துடக் கூடாதேன்னு எழுதி வச்சது."

"அப்ப அட்டையில ஏன் மலர்ந்து வருகிறதுன்னு போட்டீங்க? கடைசிப் படி இருக்கே."

"கடைசிப் படி போட்டா ஒரு பிள்ளைக்கு நாலு பக்கம் படிவம் எழுதணும் சார், பதினாலு பிள்ளைக்கு எழுதிட்டு நான் எப்பப் பாடம் நடத்தறது? அதுவும் உங்க பொண்ணுக்கு." டீச்சர் நோட்டை மூடினார். "பயிற்சியில நான் எழுந்து கேட்டேன் சார். ஞாபகம் இருக்கா? தெரியலன்னா என்னன்னு எழுதறதுன்னு கேட்டேன். பிள்ளைக்குத் தெரியலன்னா டீச்சருக்குத் தெரியலன்னு எழுதுங்கன்னு சொன்னீங்க. ஹால் முழுக்கச் சிரிச்சுது. நான் உக்காந்துட்டேன்."

தையலம்மாவுக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து, சோற்றில் கை வைத்தபடியே அந்தக் கதையைச் சொன்னார். கிழட்டு டீச்சர் எழுந்து நின்ற மாதிரி நடித்தும் காட்டினார். தையலம்மா புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். மகளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அப்போது அவள் முதல் வகுப்பு. இப்போது அந்த டீச்சரை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் தையலம்மா தரையைப் பார்த்தாள்.

"மத்தியான வகுப்பு இருந்ததாமே, ஒல்லியா ஒரு டீச்சர்" என்றாள் மெல்ல.

"குறைதீர் வகுப்பா? அது தெரியலன்னு அட்டையில இருக்கிற பிள்ளைங்களுக்குத்தானேம்மா. எந்த அட்டையிலயும் அப்படி இல்லன்னதும், தேவையில்லன்னு மூடிட்டாங்க. அவங்கள வேற எங்கயோ மாத்திட்டாங்க. நாலாம் வகுப்புக்குப் போயிட்டா யாரும் எழுத்துலேர்ந்து சொல்லித் தரவும் மாட்டாங்க."

"இப்ப ஒருத்தர் அட்டையில எழுதினா?"

"ஒரே ஒரு அட்டையில இருந்தாப் போதும்மா. அத வச்சு மத்த பதிமூணுக்கும் நான் கேப்பேன்." டீச்சர் இன்னும் நிரப்பாத இந்தப் பருவத்து அட்டையையும் பேனாவையும் எடுத்து மேஜையில், சாருக்கு நேராக வைத்தார். "நீங்களே எழுதுங்க சார். நீங்க எழுதினா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

கலைச்சொல் சார் பேனாவை எடுத்தார். அட்டையைத் தன் பக்கம் திருப்பினார். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மகளைப் பார்த்தார், பிறகு கழுத்தைத் தடவிக்கொண்டார். "நாலாவதா ஒரு படி சேர்க்கலாம்" என்றார். "வேரூன்றும் நிலை. அதுல ஒரு மரியாதை இருக்கு."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தையலம்மாவுக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். "பூசி மெழுகாதீங்க" என்று புருஷன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள். டீச்சர் எழுதுகிற கட்டத்தில் எழுத அவளுக்கு உரிமை இல்லை என்று அவளுக்கே தெரியும். அட்டையின் அடியில் பெற்றோர் கையொப்பம் என்று ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டின் மேல், துணியில் பெயர் எழுதுகிற அதே பெரிய எழுத்தில், 'படிக்கத் தெரியாது' என்று எழுதினாள். எழுதி முடிக்கிற வரை அவளை யாரும் தடுக்கவில்லை.

திரும்பும்போது அவர் குடையோடு முன்னால் போய்விட்டார். அம்மாவும் மகளும் இன்னொரு குடையில் பின்னால் வந்தார்கள்.

"அட்டையில என்னம்மா எழுதின?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது தையலம்மாவுக்கு. அந்த வீட்டில் சொன்ன அழகான பொய்கள் போதும் என்று பட்டது.

"உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுதினேன்."

மகள் கொஞ்ச தூரம் தண்ணீரைக் காலால் தள்ளிக்கொண்டே நடந்தாள்.

"படிக்கத் தெரியாது. அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அப்படி எழுதினாத்தான் உனக்குத் தனியா சொல்லித் தர ஆள் வருவாங்க. அதுக்குத்தான் எழுதினேன். நீ அசடுன்னு இல்ல."

"அந்த ஒல்லி டீச்சரா?"

"அவங்களோ, வேற யாரோ. வருவாங்க."

பிள்ளை அழும் என்று நினைத்திருந்தாள். அழவில்லை. அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மூன்று வருஷமாகச் சுமந்த ஒன்றை வேறு யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி, வீடு வந்து சேர்வதற்குள் பழையபடி வாயாட ஆரம்பித்துவிட்டது.

வியாழக்கிழமை குழு வந்தது. கலைச்சொல் சார் இஸ்திரி போட்ட சட்டையில் போனார், அதைத் தேய்த்துக் கொடுத்தவள் தையலம்மாதான். அன்று சாயங்காலம் அவர் வரும்போது கழுத்தில் பூமாலை வாடை இன்னும் இருந்தது, கையில் இனிப்புப் பொட்டலம். எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போகிறதாம். காஜாக்காவுக்கும் இரண்டு எடுத்துக் கொடுத்தார்.

"மத்தியான வகுப்பப் பத்திக் கேட்டீங்களா?" என்றாள் தையலம்மா, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எல்லாம் அடுத்த கட்டத்துல வரும். எடுத்தவுடனே குறைய முன்னாடி வைக்க முடியாது. இந்தா, அட்டை. பழசுல எழுத்து அழிஞ்சிருந்ததுன்னு ஆபீஸ்லயே புதுசு போட்டுட்டாங்க."

நீட்டின அட்டையில் ஈரம் இல்லை, மடிப்பு இல்லை. வாசித்தல், மலர்ந்து வருகிறது. எழுத்து அந்த டீச்சருடையதுதான், எப்போதையும்விடச் சின்னதாக இருந்தது. அடியில் பெற்றோர் கையொப்பக் கோட்டில் அவருடைய கையெழுத்து, வால் இழுத்து, சுழி போட்டு, தெளிவாக.

"அந்த டீச்சர் ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லுவாங்க. இன்னும் ரெண்டு வருஷத்துல ஓய்வு. அவங்களுக்கும் வீடு வாசல் இருக்கு."

தையலம்மா மெஷினை நிறுத்தினாள். திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். அதற்குள் மகள் துணிக் குவியலைத் தாண்டிக் குதித்து வந்து அட்டையைப் பறித்துக்கொண்டாள். "என் அட்டைதானேப்பா இது? நான் படிக்கிறேன். எனக்கு இது தெரியும்."

அவர் முகம் மலர்ந்தது. இனிப்புப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, "படிச்சுக் காட்டு பார்க்கலாம். அம்மாவுக்குக் கேக்கற மாதிரி சத்தமா" என்றார்.

மகள் அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள். 'மலர்ந்து வருகிறது' என்பதன் முதல் எழுத்தில் விரலை வைத்தாள். ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி, அப்பா சொல்லிக் கொடுத்த மாதிரியே நிறுத்தி நிதானமாக, ஒரு பிசிறில்லாமல் படித்தாள்.

"படிக்கத் தெரியாது."

காஜாக்கா இனிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். விரல் கடைசி எழுத்தில் நின்றுகொண்டிருந்தது.

"சரியா படிச்சேனாப்பா?"

அவர் வாயைத் திறந்தார். நூற்று நாற்பது சொல்லில் ஒன்றும் வரவில்லை. பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு அம்மா பக்கம் திரும்பியது.

"சரியாத்தான் படிச்சிருக்கே" என்றாள் தையலம்மா. அட்டையை வாங்கி அரிசி டின் மேல் வைத்துவிட்டு, அடுத்த கட்டைப் பிரித்தாள்.